கேட்கும் காது: பிள்ளைகளுக்கு இணையவழிக் குர்ஆன் ஆசிரியரைத் தேர்தல் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம், கடலுக்கு அப்பால் காத்தான்குடி, பேருவளை என்று தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் பிள்ளைக்கு ஓதல் நடைதூரத்தில் கிடைத்தது. தெருவில் மக்தப் இருக்கும். இல்லாவிட்டால் ஓதிக்கொடுக்கும் லெப்பை வீடோ ஆலிமா ஒருவரின் கூடமோ இருக்கும். துபாய்க்கும் இலண்டனுக்கும் டொரண்டோவுக்கும் குடிபெயர்ந்தவர்கள் அந்த நடைதூரத்தை முதலில் இழந்தார்கள். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் அடைபட்டபோது, ஊரிலேயே இருந்தவர்களும் பிள்ளையைக் கைபேசித் திரைக்கு முன் உட்கார வைத்தார்கள். இன்று இணையவழித் தனிப்பாடம் என்பது நிலைத்துவிட்ட ஏற்பாடு. கெய்ரோவிலிருந்தும் லாகூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். விளம்பரங்களும் அவ்வளவுக்குப் பெருகியிருக்கின்றன.

ஐந்து வயதிலிருந்து பருவமடையும் வயது வரையுள்ள தமிழ் பேசும் பிள்ளைக்கு, பார்த்து ஓதுவதையும் மனனத்தையும் தனியாகக் கற்பிக்கும் ஆசிரியரை எந்த அளவுகோலால் தேர்வது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. தஃப்ஸீர், அரபு இலக்கணம் ஆகியவை இதில் சேரா. கட்டணம், சான்றிதழ், வேகம், செயலியின் அழகு ஆகிய நான்கையும் வைத்தே பெற்றோர் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆசிரியரின் காது: இந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் ஒலியை அவர் எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறார், கேட்டதை எப்படித் திருத்துகிறார் என்பது.

2. வாயிலிருந்து செவிக்கு

குர்ஆன் ஓதல் தொடக்கம் முதலே ஆசிரியர் ஓதிக்காட்ட மாணவர் கேட்டு, மாணவர் ஓத ஆசிரியர் கேட்டுத் திருத்தும் முறையில் கைமாறி வந்திருக்கிறது. இதற்குத் தலக்கீ என்று பெயர். எழுத்துப் பிரதி அதற்குத் துணைதான். பிரதியை மட்டும் வைத்து ஓதக் கற்றவரை இத்துறையினர் ஆசிரியராக ஏற்பதில்லை. டமாஸ்கஸில் 1350இல் பிறந்த இப்னுல் ஜஸரி, எழுத்துகள் பிறக்கும் இடங்களை 17 என்று வகுத்து, ஓதல் ஒழுங்காகிய தஜ்வீதைச் செய்யுளில் அமைத்தார். ஹிஜ்ரி 1198இல் எகிப்தின் சுலைமான் அல்ஜம்ஸூரி 61 அடிகளில் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிறு செய்யுள் நூல் செய்தார். ‘துஹ்ஃபத்துல் அத்ஃபால்’ இன்றும் பாடமாக இருக்கிறது. இரண்டும் ஆசிரியர் முன்னிலையில் மனனம் செய்து, அவர் வாயால் விளக்கம் பெறுவதற்காக எழுதப்பட்டவை.

20ஆம் நூற்றாண்டில் ஒலிப்பதிவு பரவியது. எகிப்தின் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி 1961இல் முழுக் குர்ஆனையும் தர்த்தீலாக ஓதிப் பதிந்தார். ஷைகு மின்ஷாவி ஓத, பின்னால் சிறு பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் பதிவு பல வீடுகளில் ஒலிக்கிறது. இவை அருமையான துணைகள். ஆயினும் இவற்றால் பிள்ளைக்குக் கேட்க வாய்க்கிறதே தவிர, பிள்ளையைக் கேட்க ஆள் வாய்ப்பதில்லை. தவறாகச் சொன்ன பிள்ளையை ஹுஸரியின் குரல் நிறுத்தாது. தனி ஆசிரியருக்குப் பணம் கொடுப்பது இந்த இரண்டாவது பாதிக்காகத்தான். இன்றைய செயலிகள் சில மனனத்தில் விடுபட்ட சொல்லைப் பிடித்துக் கொடுக்கின்றன. அது திருப்பி ஓதும்போது உதவும். ஓர் எழுத்தின் கனத்தையும் மென்மையையும் பிள்ளை வாயில் நிறுத்தித் தரும் வேலைக்கு அவை போதா.

3. தமிழ் நாவில் அரபு ஒலி

எந்த ஆசிரியர் என்று கேட்பதற்கு முன் எந்தப் பிள்ளை என்று கேட்க வேண்டும். தமிழ் வீட்டில் வளரும் பிள்ளை வெறும் நாவோடு ஓத வருவதில்லை. தமிழின் ஒலிவழக்குகளை ஏற்கெனவே வாங்கிக்கொண்டு வருகிறது.

அவற்றுள் சில வரமாக அமைந்தவை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது தமிழ்ப் பிள்ளைக்குக் கற்பிக்காமலே தெரியும். இயல்பான மத்து இரண்டு ஹரகத் என்று ஆசிரியர் சொல்லும்போது, ‘கல்’லுக்கும் ‘கால்’லுக்கும் உள்ள வேறுபாடுதான் அது என்று காட்டிவிடலாம். ஷத்துவும் அப்படியே, ‘படு’, ‘பட்டு’ இரண்டையும் குழப்பாத பிள்ளை இரட்டித்த மெய்யில் தடுமாறாது. நம் ஆசிரியர்களில் பலர் இந்த இரண்டையும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் வல்லின மெய் தனித்து வரும்போது இரண்டு உயிர்களுக்கிடையே மென்மையாகிவிடும்; மெல்லினத்துக்குப் பின் வந்தால் ஒலிப்புடைய ஒலியாக மாறும். ‘பந்து’ என்பதிலுள்ள து ‘பத்து’ என்பதில் உள்ளது அன்று. இந்தப் பழக்கம் பிள்ளையை ஃபாத்திஹாவிலேயே இழுக்கிறது. ‘இய்யாக’ என்பதிலுள்ள காஃப் தளர்ந்து ஹகரத்தின் பக்கம் சாய்கிறது. ‘அன்அம்த’ என்பதிலுள்ள தா, மீமுக்குப் பின்னால் வருவதால் தாலை நெருங்குகிறது. பிள்ளைக்கும் தாய்க்கும் இது பிழையாகவே கேட்காது.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது இலக்கணம். ஆகையால் முடிவில் ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. முஹம்மது, அஹமது, மஸ்ஜிது என்று நாம் சொல்வதெல்லாம் அப்படி வந்தவை. அதே நா இக்லாஸ் ஸூராவின் முதல் வசனத்தை நிறுத்தும்போது ‘அஹது’ என்று ஓர் உயிரைச் சேர்க்கிறது. அங்கே வேண்டியது கல்கலா, அதாவது எழுத்தை அதன் இடத்திலேயே அதிரவிடுவது. அதிர்வுக்கும் உகரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி நூலிழை அளவுதான். தமிழ்ப் பிள்ளை அதில் இடறும் என்று ஆசிரியர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எழுத்துவழக்கும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டுகிறது. ரமழான், வுழு, ஹாபிழ், ழுஹர் என்று ழகரத்தால் எழுதி எழுதி, ழாத் என்ற எழுத்தையும் ழா என்ற எழுத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். தமிழ் ழகரம் நாக்கு நுனியை வளைத்து எங்கும் ஒட்டாமல் பிறப்பது. ழாத் நாக்கின் பக்கவாட்டு ஓரத்தை மேல் கடைவாய்ப் பற்களில் பொருத்தி வாய் நிறையச் சொல்வது. ழாவோ நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடப் பிறப்பது. மூன்றும் மூன்று. அயின், ஹம்ஸா இரண்டையும் தமிழில் அகரத்தால்தான் எழுத முடிகிறது. அதனால் ‘அறிந்தவன்’ என்று பொருள்படும் அலீமும் ‘நோவினை தருவது’ என்று பொருள்படும் அலீமும் தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிகின்றன. யாஸீனையும் சிறு ஸூராக்களையும் தமிழ் எழுத்தில் அச்சிட்ட கையேடுகள் வயதானவர்களுக்கு உதவியிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஓதத் தொடங்கும் பிள்ளையின் கையில் அவற்றைக் கொடுப்பது கூடாது என்பது என் உறுதியான கருத்து.

4. ஆசிரியரின் தாய்மொழி

தமிழ் ஆசிரியரா, அரபு ஆசிரியரா என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்கு மேலே சொன்னதிலிருந்து விடை கிடைக்கிறது. ஆனால் எளிய விடை அன்று. தமிழ் ஆசிரியர் விளக்க வல்லவர். நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு அதன் மொழியிலேயே சொல்வார். பிள்ளை சோர்ந்தால் புரிந்துகொள்வார். ஆனால் ‘அன்அம்த’வின் தா சரிவதை அவர் காதும் கேட்காமல் விடக்கூடும், அவரும் அதே ஒலிவழக்கில் வளர்ந்தவர். கெய்ரோ ஆசிரியர் அந்தச் சரிவை உடனே கேட்பார். கேட்டதை, தமிழும் அரைகுறை ஆங்கிலமும் அறிந்த பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல அவருக்கு மொழி இல்லை. திரும்பத் திரும்ப ஓதிக்காட்டுவார், பிள்ளை திரும்பத் திரும்பத் தன் வழியிலேயே சொல்லும், கடைசியில் இருவரும் அலுத்துப் போவார்கள்.

வெளியார் நாவிலும் அவரவர் ஊர்ப் பழக்கம் உண்டு. எகிப்தின் பேச்சரபியில் ஜீம் ககரமாக ஒலிக்கும். உருது வழிவந்தவர்களிடம் வாவு உதட்டையும் பல்லையும் ஒட்டிய வகரமாவதும், ழாத் ‘ஸாய்’ போலாவதும் உண்டு. முறையாகப் பயின்ற காரி இதையெல்லாம் ஓதலில் களைந்திருப்பார். அரபியர் என்பதாலேயே ஓதல் சரியாக இருக்கும் என்று நம்புவது பிழை.

ஆகவே தொடக்க ஓராண்டு, ஓதலில் தேர்ந்த தமிழ் ஆசிரியரிடம் விட்டு, எழுத்தும் இடமும் நிலைத்த பிறகு வாரம் ஒரு நாள் அரபு ஆசிரியரிடம் ஓதிக் கேட்கச் செய்வதே தகுந்த வரிசை. ஒருவரை மட்டுமே வைத்துக்கொள்ள இயலும் என்ற குடும்பம், ஏழெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தமிழ் ஆசிரியரைத் தேர்வது நல்லது.

பிரான்சில் குடியேறிய காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. அங்கே அக்கம்பக்கத்தில் கிடைக்கும் ஆசிரியர்களில் மொராக்கோ, அல்ஜீரிய வழியினர் அதிகம். அந்நாடுகளில் வர்ஷ் என்பவர் வழிவந்த ஓதல் அறிவிப்பின்படி ஓதுகிறார்கள். தமிழர் ஓதுவது ஆஸிம் வழியாக வந்த ஹஃப்ஸ் அறிவிப்பு. ஃபாத்திஹாவில் ஹஃப்ஸ்படி ‘மாலிகி’ என்று நீளும் இடம் வர்ஷில் ‘மலிகி’ என்று குறுகும். இரண்டும் சரியான கிராஅத். ஆனால் ஒரே பிள்ளை இரண்டையும் ஒரே பருவத்தில் கற்றால் குழம்பும். முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

5. கருவியின் வழியே

நேரில் உட்கார்ந்த ஆசிரியருக்குப் பிள்ளையின் முழு வாயொலியும் கிடைக்கிறது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்தியது. ஸீன் போன்ற உரசொலிகளின் வலு பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. இன்றைய காணொலி அழைப்புகள் இதைவிட அகன்ற ஒலியைக் கடத்தும். ஆனால் அவற்றில் இரைச்சல் நீக்கும் ஏற்பாடு ஒன்று தானாக ஓடுகிறது. மூச்சோடு கலந்து வரும் மெல்லிய ஹாவையும் சொல்லின் கடைசியில் தேயும் ஒலியையும் அது சில வேளைகளில் இரைச்சல் என்று எடுத்து மட்டுப்படுத்திவிடும். எதிரொலியைத் தடுக்கும் ஏற்பாட்டினால், இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்குகிறது. ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஆசிரியர் இடையில் திருத்தும்போது அந்தத் திருத்தமே காதில் விழாமல் போகலாம். ஜூமில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு உண்டு. அதைப் போட்டுக்கொண்டு, வாயருகே ஒலிவாங்கி உள்ள கம்பித் தலையணிக் கருவியைப் பிள்ளைக்கு மாட்டினால் பெருமளவு தீரும்.

இப்னுல் ஜஸரி வகுத்த 17 இடங்களில் திரையில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை உதட்டின் இரண்டும், நாக்கு நுனியைப் பல்விளிம்பில் வைத்துச் சொல்லும் ஓரிடமும்தான். தொண்டையின் மூன்று இடங்களும் நாக்கின் எஞ்சிய இடங்களும் காதுக்கு மட்டுமே உரியவை. ஒலி கெட்டால் ஆசிரியர் எவ்வளவு தேர்ந்தவராயினும் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

முதல் நாளே ஒரு சோதனை செய்யலாம். நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் ஸா, மெல்லிய ஸீன், கனத்த ஸாத் ஆகிய மூன்றையும் ஆசிரியர் வரிசை மாற்றி, முகத்தைக் காட்டாமல் சொல்லட்டும்; தந்தையோ தாயோ கேட்டு எழுதட்டும். பிறகு வீட்டில் ஓதத் தெரிந்த ஒருவர் சொல்ல, ஆசிரியர் எழுதட்டும். பொருந்தாவிட்டால் இணைப்பையோ கருவியையோ மாற்றிவிட்டுத்தான் பாடம் தொடங்க வேண்டும்.

6. சனதும் பட்டமும்

இஜாஸா என்பது, மாணவர் முழுக் குர்ஆனையும் ஆசிரியரிடம் ஓதிக்காட்டி, ஓதவும் ஓதிக்கொடுக்கவும் அனுமதி பெற்றதற்கான சான்று. அதனோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரை செல்லும் ஆசிரியர் தொடராகிய சனதும் இருக்கும். மதிப்புமிக்கது. எனினும் விளம்பரத்தில் அந்தச் சொல் மட்டும் நின்றால் போதாது. எந்த அறிவிப்பில், யாரிடம், மனனமாகவா பார்த்தா, முழுவதுமா ஒரு பகுதியா என்று கேட்க வேண்டும். உண்மையாகப் பெற்றவர் மகிழ்ந்து சொல்வார்.

மௌலவி பட்டமும் ஓதல் தேர்ச்சியும் ஒன்றல்ல. ஃபிக்ஹிலும் ஹதீஸிலும் ஆழ்ந்த ஆலிம் ஒருவர் தஜ்வீதைத் தனியாகப் பயிலாதவராக இருக்கலாம். ஹாபிழாக இருப்பவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவராக இருக்கலாம். சிங்கப்பூரில் மார்க்க ஆசிரியர்களும் குர்ஆன் ஆசிரியர்களும் அங்கீகாரத் திட்டத்தில் பதிவது 2017 முதல் கட்டாயம். அயல்நாட்டில் அமர்ந்து கற்பிப்பவருக்கு அப்படியொரு பதிவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விசாரிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. அவரிடம் ஓராண்டுக்கு மேல் ஓதிய பிள்ளை ஒன்றின் ஓதலைக் கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல விசாரணை இல்லை.

7. மாதிரி வகுப்பில் பார்க்க வேண்டியது

30 நிமிட இலவச மாதிரி வகுப்பு என்பது பெரும்பாலும் இனிய அறிமுகமாகவே கழிகிறது. பெற்றோர் ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த 30 நிமிடத்தில் பிள்ளையின் வாய் திறந்திருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். 30 பேர் உட்காரும் ஒரு மணிநேர மக்தபில் ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம் கிடைக்கும். தனிப்பாடத்தின் நியாயமே அந்த 2 நிமிடத்தை 15 அல்லது 20 ஆக்குவதில்தான் இருக்கிறது. ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் அந்த நியாயம் போய்விட்டது.

அடுத்தது திருத்தும் முறை. பொருளையும் எழுத்தையும் மாற்றிவிடும் பிழையை லஹ்ன் ஜலீ என்றும், குன்னா எனும் மூக்கொலியின் அளவு குறைவது போன்ற நுண்பிழையை லஹ்ன் கஃபீ என்றும் பிரிப்பார்கள். நல்ல ஆசிரியர் சிறு பிள்ளையிடம் முன்னதை ஒருபோதும் விடமாட்டார். பின்னதைக் குறித்து வைத்துக்கொண்டு காலம் பார்த்துத் திருத்துவார். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்துபவர் பிள்ளையின் நாவைக் கட்டிவிடுகிறார். எதையும் திருத்தாமல் ‘மாஷா அல்லாஹ்’ மட்டும் சொல்பவர் அதைவிடக் கேடு செய்கிறார். பிழையைச் சொன்னதும் பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்க ஓரிரு நொடி காத்திருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளையின் காது பழகுகிறது.

கடுமை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கைரவானின் இப்னு ஸஹ்னூன் (மறைவு 870) ஆசிரியர்களுக்கான ஒழுங்குகளைத் தொகுத்தபோதே, பணக்காரர் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் சமமாக நடத்துவது, பிள்ளைகளைவிட்டு வேறு வேலையில் இறங்காதிருப்பது, தண்டனையைக் கட்டுப்படுத்துவது எல்லாம் பேசப்பட்டன. அவருக்குப் பின் ஐந்து நூற்றாண்டு கழித்து இப்னு கல்தூன், கடுமையில் வளர்ந்த பிள்ளை உற்சாகம் இழந்து, தப்பிக்கப் பொய்யும் பாசாங்கும் பழகும் என்று ‘முகத்திமா’வில் விளக்கினார். திரைவழியே பிரம்பு எட்டாது. ஏளனமும் அதட்டலும் எட்டும். அவற்றை ஒரு வகுப்பில்கூடப் பொறுக்கத் தேவையில்லை.

8. காயிதாவும் முஸ்ஹஃபும்

ஆசிரியரும் பிள்ளையும் ஒரே அச்சைப் பார்க்க வேண்டும். உஸ்மான் தாஹாவின் கையெழுத்தில் 604 பக்கங்களாக வரும் மதீனா முஸ்ஹஃபும், தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் இந்திய அச்சும் ஸுகூனையும் மத்துக் குறியையும் வேறு வேறாக இடுகின்றன. ஊரில் ‘யஸ்ஸர்னல் குர்ஆன்’ என்ற காயிதாவை, அதாவது எழுத்துப் பாடநூலை, பாதி ஓதிய பிள்ளையை ‘நூரானிய்யா’ காயிதாவின் முதல் பக்கத்துக்கு மறுபடி இழுத்தால் அது மனம் தளரும். உயிர்க்குறிகளை ஜபர், ஜேர், பேஷ் என்று பழகியதா, ஃபத்ஹு, கஸ்ரு, ளம்மு என்று பழகியதா என்பதையும் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடலாம்.

9. மனனமும் நாள் ஒழுங்கும்

வாரம் இரண்டு நாள் ஒரு மணிநேரத்தைவிட, வாரம் நான்கைந்து நாள் 20 நிமிடம் சிறந்தது. மனனத்துக்கு இந்தியத் துணைக்கண்ட மதரஸாக்கள் கண்ட ஒழுங்கு மூன்று அடுக்கு கொண்டது: இன்றைய புதுப்பாடம் ஸபக், அண்மையில் ஓதியது ஸபகீ, பழையது மன்ஸில். இணைய வகுப்பில் முதலாவது மட்டும் நடந்து மற்ற இரண்டும் உதிர்ந்துவிடுகின்றன. ‘இத்தனை மாதத்தில் ஒரு ஜுஸ்உ’ என்று உறுதி சொல்பவர்களிடம் இது கூடுதலாக நிகழும். மன்ஸிலைக் கேட்கும் வேலையை வீட்டார் எடுத்துக்கொள்ளலாம். முஸ்ஹஃபைப் பார்த்துக் கேட்கத் தெரிந்த உம்மாவோ வாப்பாவோ வாப்பும்மாவோ போதும். பாடம் முடிந்தபின் பிள்ளை விளையாட வேண்டும் என்பதை இமாம் கஸ்ஸாலி சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட வீட்டுப்பாடத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஓதலைச் செருகுபவர்கள் அதை நினைவில் கொள்ள வேண்டும்.

10. காவல்

வகுப்பு வீட்டின் பொதுக்கூடத்தில், கதவு திறந்த இடத்தில் நடக்கட்டும். கணக்கும் கடவுச்சொல்லும் பெற்றோரிடம் இருக்கட்டும். ஆசிரியர் பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்புவதோ, வகுப்பு நேரத்துக்கு வெளியே அழைப்பதோ, படம் கேட்பதோ, பெற்றோரை வெளியே போகச் சொல்வதோ நடந்தால் அன்றே நிறுத்த வேண்டும். மார்க்கம் கற்பிப்பவர் மீது ஐயம் கொள்வது அதபுக் குறைவு என்று தயங்குபவர்கள் உண்டு. பெற்றோர் கூட இருப்பது நேர்மையான ஆசிரியருக்கும் காவல் என்பதால் அவரே அதை விரும்புவார். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் இணையவழிக் குற்றங்களையும் தழுவுகிறது; 1098க்கு அழைக்கலாம். இலங்கையில் 1929. வகுப்பைப் பதிவு செய்வதாக இருந்தால், பதிவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டோர் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

11. ஊதியம்

ஓதிக்கொடுப்பவருக்கு மாதக் கூலியா, பாடம் முடிந்ததும் கொடையா என்பதை மாலிக்கீ சட்ட அறிஞர்கள் பழங்காலத்திலேயே பேசியிருக்கிறார்கள். இன்றைக்கு மாத ஊதியமே பொருத்தம். முடித்ததற்குப் பணம் என்றால் முடிக்கும் அவசரம் வந்துவிடும். நிறுவனம் ஒன்றின் வழியாகச் சேர்ந்தால், நாம் தரும் தொகையில் ஆசிரியர் கையில் எவ்வளவு சேர்கிறது என்றும், அதே ஆசிரியர் தொடர்வாரா என்றும் கேட்பது முறையான கேள்வி. குறைந்த கூலியில் நாளொன்றுக்குப் பல மணிநேரம் அடுத்தடுத்த வகுப்புகள் எடுப்பவரின் காது மாலையில் மங்கித்தான் இருக்கும். ரமழானிலும் ஆசிரியரின் நோயிலும் விடுப்பு நாளின் ஊதியத்தைப் பிடிக்காமல் கொடுங்கள்.

12. வெளிக்காது

உளூ, ஸஃப்பில் நிற்பது, மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து ஓதுவது ஆகியவற்றைத் திரை தராது. அதற்கு ஊர்ப் பள்ளிவாசலும் வார இறுதி மதரஸாவும் தேவை. அங்கே இன்னொரு பயனும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இணைய ஆசிரியரோடு தொடர்பில்லாத ஓர் இமாமிடமோ ஹாபிழிடமோ பிள்ளையை அழைத்துப் போய், ஃபாத்திஹாவையும் கடைசிப் பத்து ஸூராக்களையும் ஓதவிட்டு, பிழைகளைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். அந்தக் குறிப்பை ஆசிரியருக்கு அனுப்புங்கள். நல்லவர் அதை வைத்தே அடுத்த பாடங்களை அமைப்பார். பிள்ளை வளர்ந்தால் அதன் ஃபர்ளுத் தொழுகையில் மட்டும் நாளைக்கு 17 ரக்அத்களில் ஃபாத்திஹா வரும். இரண்டு முறை குறித்துக் கொடுத்தும் அதே எழுத்துப் பிழை ஃபாத்திஹாவில் நின்றால், அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அந்த மாத ஊதியத்தை முழுதாகக் கொடுத்து, நன்றி சொல்லி, வேறு ஆசிரியரைத் தேட வேண்டும்.